பதினான்கு மாதக் கலோரி ஆப்: அந்த ஐந்து வார வரி

கலோரிக் கணக்கு ஆப் ஒன்றின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று அலுவலகத் தோழி கேட்டாள். நான் பதினான்கு மாதமாக வைத்திருப்பது அதைத்தான். அதில் என்னென்ன வசதி உண்டு என்பது அவளுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது அதில் வரும் ஒரே ஒரு வரியைப் பற்றி.

ராத்திரி அன்றைய சாப்பாட்டைப் பதிந்து முடித்ததும், 'தினமும் இப்படியே சாப்பிட்டால் ஐந்து வாரத்தில் உங்கள் எடை இவ்வளவு' என்று காட்டும். நான் 86 கிலோவில் ஆரம்பித்தேன். உடம்பு செலவழிப்பதைவிடத் தினம் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டேன். 83.7 வரும் என்றது. முதல் வாரமே 1.6 கிலோ இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் பெரும்பங்கு தண்ணீர் என்பது அப்போது தெரியாது. உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் சேர்ந்து போய்விடும்.

ஐந்தாம் மாதத்திலிருந்து அந்த வரி சொல்வது ஒன்று, எடை காட்டுவது ஒன்று. அம்மாதான் எண்ணெயைக் கூட விடுகிறாள் என்று முடிவு கட்டினேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, தோசை வார்க்கும் முன்னும் பின்னும் எண்ணெய்க் கிண்ணத்தை நிறுத்துப் பார்த்தேன். தோசைக்கு 5 கிராம், 45 கலோரி. நான் பதிந்து வந்ததும் அதேதான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் என் தோசையை மட்டும் எண்ணெயே விடாமல் வார்த்து வைத்திருந்தாள். அது இன்னும் உறுத்துகிறது.

தப்பு கணக்கில்தான். 500ஐ 35 நாளால் பெருக்கி 7,700ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 2.3 கிலோ வந்துவிடும். ஒரு பவுண்டு குறைய 3,500 கலோரி என்று 1958இல் அமெரிக்க மருத்துவர் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி எழுதிய விதிதான் கிலோவுக்கு 7,700 ஆனது. ஆனால் எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும். அதே சாப்பாடு சாப்பிட்டாலும் 500 குறைவு 400 ஆகும், 300 ஆகும். நான் புது எடையைப் பதிந்த பிறகும் ஆப்புக்கு அது 500தான்.

அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் இதைச் சரிசெய்து எழுதியது. தினம் 10 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு பவுண்டு குறையும். அதில் பாதி வரவே சுமார் ஒரு வருடம், 95 சதவீதம் வர மூன்று வருடம். அப்படிப் பார்த்தால் என் 500க்குக் கடைசியில் 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ; முதல் வருடத்தில் அதில் பாதி, 11 கிலோ. பழைய விதிப்படி கிட்டத்தட்ட 24. நிஜத்தில் குறைந்தது 10.6. நான் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறேன்! அத்தனை மாதமும் என்னை நானே சந்தேகப்பட்டதுதான் மிச்சம்.

ஆப் உதவவே இல்லை என்று சொன்னால் அநியாயம். மூன்று வேளை காபிச் சர்க்கரை மட்டும் 120 கலோரி என்பதை அதுதான் காட்டியது. இட்லியை எண்ணிக்கையில், சாம்பாரைக் கரண்டியில் பதியலாம். படியேறினால் இப்போது முட்டி வலிப்பதில்லை.

இருந்தாலும் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த வரியை அணைத்து வைக்க அமைப்புகளில் வழியே இல்லை. சமையலறைத் தராசு வாங்கு, சாப்பிட்டதை நோட்டில் எழுது, காலையில் எடை பார்த்து வாரச் சராசரி போடு என்றேன். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஒரு கிலோ ஏறினால் பதறாதே, அது தண்ணீர் என்றும் சொல்லி வைத்தேன்.