ஸ்டூவர்ட் 10வி: வாங்கும் முன்

இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் 10வி, வீட்டிலேயே செய்து ஓட்டக்கூடிய சிறு மாதிரி செங்குத்து நீராவி எஞ்சின். சிலிண்டர் விட்டம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டும் முக்கால் அங்குலம். ஃப்ளைவீல் (ஓட்டத்தைச் சீராக்கும் கனமான சக்கரம்) விட்டம் 3 அங்குலம். கடைந்து முடித்த பாகங்களாகவும் கிடைக்கிறது. ஆனால் லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர் வெறும் காஸ்டிங் செட்டையே, அதாவது கடையாத வார்ப்புப் பாகங்களையே, வாங்கலாம். வேலையின் ருசியே அதில்தான்.

வார்ப்பிரும்பின் மேல்தோல் கடினம். முதல் வெட்டு தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். மேலாகச் சுரண்டினால் டூல் முனை மழுங்கிவிடும். ஃப்ளைவீலின் துளையையும் விளிம்பையும் ஒரே பிடிப்பில் கடையுங்கள், இல்லையேல் ஓடும்போது ஆடும்.

வால்வு முகம்தான், அதாவது நீராவியை உள்ளே விடும் வால்வு சறுக்கி ஓடும் தட்டைப் பரப்புதான், உயிர்நாடி. கண்ணாடிமேல் 600 நம்பர் எமரித் தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்குங்கள். நடுவில் இம்மி பள்ளம் இருந்தாலும் நீராவி வேலை செய்யாமலே நேரே எக்ஸாஸ்ட்டுக்கு (வெளியேறும் வழிக்கு) போய்விடும்.

திருகுகள் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. 7 பி.ஏ.வும் மெட்ரிக் அளவான எம் 2.5-ம் வெளிவிட்டத்தில் ஒன்றுதான். புரி இடைவெளி வேறு. மாற்றிப் போட்டால் சில சுற்றிலேயே இறுகிப் புரி போய்விடும். புரி வெட்டும் கருவிகளான டேப், டை செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ரிவர்ஸ் கியர் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். முதலில் எஞ்சின் நீராவிக்குப் பதில் அழுத்திய காற்றில் சீராக ஓடட்டும்.