எச்டி 650, எச்ஈ400எஸ்ஈ, ஒரு வால்வு ஆம்ப்: பினாங்கு வெக்கையில் சில வருட அனுபவம்

என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பவை இரண்டு ஹெட்போன், அவற்றுக்குச் சத்தம் கூட்டிக் கொடுக்கும் இரண்டு ஆம்ப். சென்ஹைசர் எச்டி 650, ஹைஃபைமேன் எச்ஈ400எஸ்ஈ. மேசையில் ஜேடிஎஸ் லேப்ஸ் 'ஆட்டம்' (Atom) என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப், அதன் பக்கத்தில் 6080 என்ற வால்வு (பழைய ரேடியோவில் இருந்த மாதிரி கண்ணாடிக் குழாய்) போட்ட ஓர் ஓடிஎல் ஆம்ப்; ஓடிஎல் என்ன என்று பின்னால் சொல்கிறேன். வந்து போனவற்றைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது? இந்த நான்கும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்து, விசிறி சுற்றச் சுற்ற, வேலை முடிந்து வந்த இரவுகளில் ஓடியவை. அந்தப் பழக்கத்தில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எச்டி 650 வந்தது 2003-இல். இன்றும் விற்கிறார்கள், இன்றும் வாங்குகிறார்கள். நடுப்பகுதி ஒலிதான் அதன் சொத்து. குரல் நமக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். பழைய கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளில் வயலினின் வில் தந்தியில் உரசும் அந்தச் சிறு சொரசொரப்பு, பாடகர் அடுத்த சங்கதிக்கு மூச்சு எடுப்பது, மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுவது, எல்லாம் இயல்பாக இருக்கும். நாதஸ்வரத்தை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் காதைக் குத்தாது. இதைத்தான் சிலர் 'திரை போட்ட மாதிரி இருக்கு' என்று குறை சொல்கிறார்கள். மேல் அலைவரிசை தூக்கலாக இருக்கும் ஹெட்போனிலிருந்து வந்தால் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் தோன்றும். பிறகு காது பழகிவிடும்.

குறை கீழே இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் போனவர்களுக்கு உறுமி மேளம் தெரியும். ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்க்கத் தேய்க்க அடிவயிற்றிலிருந்து வரும் அந்த முனகல். நல்ல பதிவு ஒன்றை எச்டி 650-இல் போட்டால் அடிக்கும் பக்கம் பிரமாதமாகக் கேட்கும். தேய்க்கும் பக்கத்தின் அடிநாதம் பாதியில் கரைந்துவிடும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த ஹெட்போனின் சத்தம் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். திறந்த முதுகு கொண்ட (வெளிப்புறம் மூடாத) டைனமிக் ஹெட்போன்களில், அதாவது கம்பிச் சுருள் ஒட்டிய சவ்வு அசையும் சாதாரண வகையில், பெரும்பாலும் இதுதான் கதை.

அதே பதிவை எச்ஈ400எஸ்ஈ-இல் போடுங்கள். இது பிளானர், அதாவது தட்டைச் சவ்வு வகை என்பதால் மெல்லிய தகடு முழுவதும் ஒரே நேரத்தில் அசைகிறது. அடிநாதம் கடைசி வரை இறங்கி நிற்கும். 80-களின் இளையராஜா பாடல்களில் பாஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டே போகுமே, அதை நோட்டு நோட்டாகப் பின்தொடரலாம். பதிலுக்கு இது எடுத்துக்கொள்வது குரலை. 1.5 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பள்ளம் இருப்பதால் பாடுகிறவர் இரண்டடி பின்னால் போய்விடுகிறார். மேடை அகலமானது போலத் தோன்றுவதும் இதனால்தான் என்பது என் கணிப்பு. உச்சியில் கொஞ்சம் கூர்மை உண்டு. கேசட்டிலிருந்து மாற்றிய பழைய பாடல்களில் 'ச', 'ஸ' எல்லாம் ஊசியாக வரும். 390 கிராம் எடை வேறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் என் கழுத்து ஒத்துக்கொள்வதில்லை. எச்டி 650 வெறும் 260 கிராம். ஆனால் புதிதாக இருக்கும்போது கன்னத்தை இறுக்கிப் பிடிக்கும்.

சரி, ஆம்புக்கு வருவோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, 300 ஓம்னா பெரிய ஆம்ப் வேணும், 25 ஓம்னா கைப்பேசியே போதும், சரிதானே?" ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை அளவு, இதை இம்பீடன்ஸ் என்பார்கள்; எச்டி 650-க்கு 300, எச்ஈ400எஸ்ஈ-க்கு 25. கடைக்காரர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் வரும். இசையின் உச்சத் தருணங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏறக்குறைய 2.2 வோல்ட், 17 மில்லிவாட் போதும். எச்ஈ400எஸ்ஈ-யின் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 1 மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். அதே 110-க்கு இது கேட்பது 80 மில்லிவாட். வோல்ட் கணக்கில் 1.4 தான், ஆனால் மின்னோட்டம் 56 மில்லிஆம்பியர். எச்டி 650 அதே சத்தத்துக்கு 8 மில்லிஆம்பியரைக்கூடத் தொடாது. அதாவது 300 ஓம் ஹெட்போன் வோல்ட் கேட்கிறது, 25 ஓம் பிளானர் மின்னோட்டம் கேட்கிறது. ஓம் எண்ணை மட்டும் பார்த்து 'இது சுலபம், அது கடினம்' என்று சொல்லவே முடியாது. உணர்திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைப் பெட்டியில் சிலர் வோல்ட்டுக்குப் போடுவார்கள், சிலர் மில்லிவாட்டுக்குப் போடுவார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் தலைகீழான முடிவுதான் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1 வோல்ட் தரும் சாதாரண டாங்கிள் (கைப்பேசியில் செருகும் சிறு ஹெட்போன் இணைப்பான்) இருந்தால், இன்றைய சினிமாப் பாடல்களுக்கு இரண்டு ஹெட்போனுமே போதுமான சத்தத்தில் பாடும். பழைய கச்சேரிப் பதிவுகள்தான் சிக்கல். சராசரி சத்தம் தாழ்வாக இருக்கும், திடீரென்று தனி ஆவர்த்தனத்தில் எகிறும். அங்கே டாங்கிளின் கடைசிப் புள்ளி வரை ஏற்றியும் பத்தாது. ஆட்டம் என் மேசைக்கு வந்தது அதற்காகத்தான்.

இனி வால்வு. ஓடிஎல் என்றால் வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப். பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் 'இனிமை' எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட்டி, ஒன்றும் செருகாமல் வெளியீட்டை 1 வோல்ட்டுக்கு வைத்தேன். (மலிவான மீட்டர்கள் உயர்ந்த அலைவரிசையில் தப்பாகக் காட்டும்; அதனால்தான் 200.) பிறகு 300 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டேன். 0.71 வோல்ட்டுக்கு இறங்கியது. அப்படியென்றால் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை) ஏறக்குறைய 120 ஓம். ஆட்டத்தில் இது 1 ஓமுக்கும் குறைவு.

இதனால் என்ன? எச்டி 650-யின் இம்பீடன்ஸ் எல்லா இடத்திலும் 300 அல்ல. 80–100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓம் அளவுக்கு ஏறும். 120 ஓம் ஆம்பில் செருகினால் அந்த இடத்தில் மட்டும் வோல்ட் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கிறது. கணக்குப்படி ஒரு டெசிபல் தூக்கல். பாஸ் சற்றுக் கனமாகிறது, ஒட்டுமொத்தமும் கதகதப்பாகத் தோன்றுகிறது. வால்வின் சொந்தத் திரிபு இதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கலாம். பெரும்பங்கு இந்த ஒரு டெசிபல்தான் என்று நினைக்கிறேன். அதே அளவை ஈக்வலைசரில் ஏற்றி ஆட்டத்தில் கேட்டபோது வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போனது.

எச்ஈ400எஸ்ஈ-யை இதே வால்வு ஆம்பில் செருகுவது வீண். 25 ஓமுக்கு எதிரே 120 ஓம். சத்தம் 15 டெசிபல் விழுகிறது, மின்னோட்டம் கொடுக்க முடியாமல் வால்வு திணறுகிறது, உறுமி சொதசொதவென்று ஆகிவிடுகிறது. ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் இருக்க வேண்டும் என்ற பழைய விதி இதற்காகத்தான். பிளானரின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால், வால்வின் அந்த பாஸ் தூக்கல்கூட இதற்குக் கிடைக்காது.

நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றுக்கும் அதைவிட நாலு மடங்கு விலையுள்ள இன்னொன்றுக்கும் வித்தியாசம் உண்டா? நண்பரிடமிருந்து ஒன்றை வாங்கி வந்து, மீட்டர் வைத்து இரண்டின் வோல்ட்டையும் சமமாக்கி, தம்பியை ஒயர் மாற்றச் சொல்லி, நான் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். எது எது என்று சொல்ல முடியவில்லை. சமமாக்காமல் கேட்டபோது மட்டும் விலை உயர்ந்தது 'உயிரோட்டமாக' இருந்தது, ஏனென்றால் அதன் கெயின் (சத்தத்தைக் கூட்டும் அளவு) அதிகம். சத்தம் கூடினால் காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) இந்த ஒரு காரணத்தால் கைமாறுகிறது.

நம் ஊர் வெயிலில் வால்வு ஆம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு மணி நேரம் ஓடினால் மேசைப் பக்கமே அனல். விசிறியைக் கூட்டினால் அதன் இரைச்சல் திறந்த முதுகு ஹெட்போன் வழியே நேராகக் காதுக்குள் வருகிறது. ஏர்கான் போட்டால் அதுவும் இரைச்சல். மாலை இடி மழை வேறு. மின்னல் வெட்ட ஆரம்பித்தால் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுகிறேன், சுவிட்சை அணைப்பதோடு நிறுத்துவதில்லை. பழைய பொருளாக அமெரிக்காவிலிருந்து வரவழைப்பவர்கள் 115 வோல்ட் ஆம்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் சுவரில் இருப்பது 230–240. இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அதன் உறுமல் இலவசம்.

ஈரப்பதம் ஆம்பைவிட காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேடைத்தான் தின்கிறது. போலித் தோல் பேடுகள் இங்கே உரிந்து கறுப்புத் துகளாகச் சட்டையில் ஒட்டும். எச்டி 650-யின் வெல்வெட் பேடு உரியாது, ஆனால் அமுங்கும். அமுங்கினால் காது ஸ்பீக்கருக்கு நெருங்கி ஒலிச் சமநிலையே மாறிவிடுகிறது. புது பேடு போட்ட அன்று கேட்ட மாற்றம் இரண்டு ஆம்புக்கும் இடையில் நான் கேட்ட எதையும்விடப் பெரியது. ஹெட்போன்களை கேமராக்காரர்கள் பயன்படுத்தும் ஈரம் உறிஞ்சும் பெட்டியில்தான் வைக்கிறேன்.

இரண்டில் ஒன்று போதும் என்று கேட்பவர்களுக்கு: குரலும் கச்சேரியும் உங்கள் உலகம் என்றால் எச்டி 650, ஆட்டம் போன்ற ஓர் எளிய ஆம்ப், அடி பாஸுக்கு ஈக்வலைசரில் மூன்று நான்கு டெசிபல். தாளமும் பாஸும் முக்கியம், கழுத்து பலமானது என்றால் எச்ஈ400எஸ்ஈ, அதே ஆம்ப். வால்வை விற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், எச்டி 650-யோடு ஓட்டுவேன். பழையது வாங்குகிறவர்கள் எச்டி 650-இல் ஒயர் செருகும் இடத்தை மெதுவாக ஆட்டி ஒரு பக்கம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். எச்ஈ400எஸ்ஈ-இல் ஒரே டோனைக் குறைந்த சத்தத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். தகட்டில் சுருக்கம் இருந்தால் ஒரு பக்கம் கரகரக்கும்.