கொலோனா, தைப்பேயா: கடைக்காகப் போகும் பயணத்தில் குடும்பத்தையும் அழைத்துச் செல்வோருக்கு

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் விளையாட்டுப் பொருள் கடை நடத்தும் எங்களுக்குக் கிரிக்கெட் மட்டையும் கேரம் பலகையும் மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் கடை வாசலுக்கே வந்துவிடும். ஆனால் உடற்பயிற்சிக்கூடம் தொடங்குகிறவர் ட்ரெட்மில் கேட்டு வரும்போதும், ஷட்டில் ஆடுகிற பிள்ளைகள் ராக்கெட்டின் எடையைக் கிராம் கணக்கில் விசாரிக்கும்போதும், பொருளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் பட்டியலை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்வது சரிப்பட்டு வருவதில்லை. அதனால்தான் 2024இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் ஃபிபோ உடற்பயிற்சிக் கண்காட்சிக்கும், 2025இல் தைவானின் தைப்பேயில் நடக்கும் தைஸ்போ விளையாட்டுப் பொருள் கண்காட்சிக்கும் சென்று வந்தேன். இரண்டு முறையும் அம்மா, மனைவி, மகள் மூவரையும் அழைத்துச் சென்றேன். இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்கும் கடைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கணக்கிடாதீர்கள், நீங்கள் அரங்குக்குள் இருக்கும் எட்டு மணி நேரமும் உங்கள் குடும்பம் எங்கே இருக்கும் என்று கணக்கிடுங்கள்.

சரக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. ஃபிபோ முழுக்க முழுக்க உடற்பயிற்சித் துறைக்கானது. 1985இலிருந்து நடந்து வருகிறது. எடைப் பயிற்சிக் கருவிகள், ட்ரெட்மில், உடற்பயிற்சிக்கூடத்துக்கான தரைவிரிப்பு, புரத மாவு ஆகியவற்றைப் பார்க்க அதற்கு ஈடான இடம் இல்லை. முதல் இரண்டு நாட்களும் வணிகர்களுக்கானவை. வார இறுதியில் பொதுமக்கள் வெள்ளமாக வந்துவிடுவார்கள், அப்போது ஸ்டாலில் நின்று விலை பேச வழியிருக்காது. தைஸ்போ அளவில் சிறியது, ஆனால் தைப்பே சைக்கிள் கண்காட்சியுடன் ஒரே நேரத்தில் நாங்காங் அரங்கில் நடப்பதால் சைக்கிள் விற்பவர்களுக்கு இரட்டை ஆதாயம். ஷட்டில் ராக்கெட் செய்யும் விக்டர் 1968இலும், சைக்கிள் நிறுவனங்களான ஜயண்ட், மெரிடா இரண்டும் 1972இலும் தொடங்கிய மண் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அங்கே சிறிய உற்பத்தியாளர்கள்கூட எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறார்கள் என்பது வியப்பளிக்காது. ராக்கெட்டுக்கு நரம்பு பின்னும் இயந்திரத்தை, அதாவது நாம் கட்டிங் (gutting) மெஷின் என்று சொல்வதை, ஒருவர் என் கையில் கொடுத்து ஒரு ராக்கெட் முழுவதையும் பின்னச் செய்தார். இழுவிசை மாறும்போது பிடியில் ஏற்படும் அதிர்வை விரலால் உணர்ந்த பிறகு, எந்த மாதிரி வேண்டும் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்களைப் போன்ற சிறு கடைகளுக்குச் சரக்கு விஷயத்தில் தைப்பேதான் பொருத்தம் என்பது என் கருத்து. உடற்பயிற்சிக்கூடங்களுக்கு மொத்தமாகக் கருவி அமைத்துக் கொடுப்பவர்கள் மட்டும் தயங்காமல் கொலோனைத் தேர்ந்தெடுக்கலாம்.

நாட்காட்டி என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. தைப்பே கண்காட்சி 2025இல் மார்ச் 26 முதல் 29 வரை நடந்தது. மார்ச் நமக்கு ஆண்டுத் தேர்வு மாதம். மகளின் தேர்வு முடிவதற்குள் கண்காட்சி தொடங்கிவிட்டதால், நானும் அம்மாவும் முதலில் புறப்பட, மனைவியும் மகளும் 29ஆம் தேதிதான் வந்து சேர்ந்தார்கள். இதில் கூடுதலாக ஆன செலவைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. நான் அரங்கில் இருந்த மூன்று நாளும் அம்மா மொழி தெரியாத ஊரில், விடுதி அறையின் சன்னலோரத்தில், தொலைபேசியை மடியில் வைத்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார். மாலையில் நான் திரும்பும்போது, காலையில் போட்டு வைத்த தேநீர் அப்படியே ஆறிக் கிடக்கும். பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் துணைக்கு இன்னொருவர் இல்லாமல் எந்தக் கண்காட்சிக்கும் போகக் கூடாது என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

கொலோன் கண்காட்சியோ ஏப்ரலில், கோடை விடுமுறைக்குள் அமைகிறது. 2024இல் ஏப்ரல் 11 முதல் 14 வரையும், 2025இல் 10 முதல் 13 வரையும் நடந்தது. சித்திரை முதல் நாளும் கேரளத்தின் விஷுப் பண்டிகையும் அதோடு மோதுமே என்ற தயக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பண்டிகையை அங்கேயே கொண்டாடிவிடுவது என்று முடிவு செய்தோம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமை மாலையே பழங்களும் அரிசியும், கொன்றைக்குப் பதிலாக ஒரு கட்டு மஞ்சள் பூவும் வாங்கி, விடுதி மேசையில் சின்னக் கண்ணாடிக்கு முன் அம்மா கணி வைத்தார். விடியற்காலையில் மகளின் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து காட்டியபோது, திரைச்சீலைக்கு அப்பால் தேவாலய மணி ஒலித்துக்கொண்டிருந்தது. பிறகு ரயிலேறி ஹாம் நகருக்குச் சென்றோம். ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் அந்நகரின் புறத்தே, தொழிற்பேட்டைக்கு நடுவில், கோபுரத்தோடு நிற்கிறது. நிலையத்திலிருந்து தொலைவு என்பதால் வாடகைக் கார் பிடிப்பது நல்லது. சித்திரை முதல் நாள் அர்ச்சனை முடிந்து வெளியே வந்து குளிரில் நின்றபோது, பக்கத்தில் நின்ற அம்மையார் ஒருவர் எங்கள் அம்மாவிடம் "எந்த ஊர் நீங்கள்?" என்று தமிழில் கேட்டார். அந்தப் பயணம் முழுவதிலும் அம்மா மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

நான் முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். கொலோனில் கண்காட்சி வளாகம் ரைன் ஆற்றின் கிழக்குக் கரையில், டாய்ட்ஸ் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, எதிர்க்கரையில் பேராலயம். ஹோஹென்சோலர்ன் பாலத்தில் ரயில் தடங்களுக்குப் பக்கவாட்டில் உள்ள நடைபாதை வழியாகச் சுமார் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடிக்கப்பட்ட பேராலயம் அது. 157 மீட்டர் உயரம். தெற்குக் கோபுரத்தின் 533 படிகளில் மனைவியும் மகளும் ஏறினார்கள், அம்மா கீழேயே இருந்துகொண்டார். ஆற்றங்கரையோடு தெற்கே நடந்தால் சாக்லேட் அருங்காட்சியகமும், அதற்கு அருகிலேயே ஜெர்மன் விளையாட்டு ஒலிம்பிக் அருங்காட்சியகமும் வருகின்றன. கடைக்காரரின் பிள்ளைக்கு இரண்டாவது இன்னும் பிடிக்கும். எல்லாம் நடை தூரத்தில் இருப்பதால் மதியம் ஒரு மணி நேரம் வெளியே வந்து அவர்களோடு சாப்பிட என்னால் முடிந்தது. கண்காட்சி நாட்களில் கொலோன் விடுதிகளின் வாடகை கடுமையாக ஏறிவிடும். நாங்கள் பக்கத்து நகரமான பானில் (Bonn) தங்கி, நேரடி ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்து டாய்ட்ஸில் இறங்கினோம்.

தைப்பேயில் இந்த வசதி வேறு விதமாக அமைகிறது. நாங்காங் அரங்கிலிருந்து புறப்படும் பழுப்பு நிற மெட்ரோ தடத்தின் மறுமுனை நேரே உயிரியல் பூங்காவில் முடிகிறது. ஓட்டுநர் இல்லாத வண்டி அது; முன் கண்ணாடியோரம் பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்துகொண்டு, தடம் கட்டடங்களுக்கு நடுவே வளைந்து போவதை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 508 மீட்டர் உயரமுள்ள தைப்பே 101 கட்டடத்தின் மின்தூக்கி ஐந்தாவது மாடியிலிருந்து 89ஆவது மாடிக்கு 37 வினாடிகளில் ஏறியது, மகளுக்கு இன்றும் பேச்சுப் பொருள். சாப்பாட்டில் தைப்பேக்கு இணையில்லை. பௌத்த மரபில் வந்த சைவ உணவகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பலவற்றில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை என்பதால் ஆசாரம் பார்க்கும் பெரியவர்களும் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஜெர்மனியில் ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு நாட்களைத் தள்ளிவிட்டோம்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தைப்பேக்கு வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் போய், சிங்கப்பூரில் விமானம் மாறுவது எங்களுக்கு வசதி. கொலோனுக்குக் கொச்சி விமான நிலையமான நெடும்பாசேரியிலிருந்து வளைகுடா வழியாக ஃபிராங்க்ஃபர்ட் சென்று, அங்கே விமான நிலையத்திலேயே அதிவேக ரயில் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரம்.

இரண்டுக்கும் போக எண்ணுபவர்கள் விசாவை முன்னிட்டு வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கண்காட்சி நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். அந்த விசா ஒருமுறை கிடைத்துவிட்டால், அது காலாவதியாகிப் பத்து ஆண்டுக்குள் தைவான் செல்லும் இந்தியர்கள் இணையத்திலேயே கட்டணமில்லாத பயண அனுமதிச் சான்று பெறலாம். கொலோனை முதலில் வைத்துக்கொண்டதால், தைவான் பயணத்துக்காக அம்மாவை விசா அலுவலகம் எதற்கும் அலைக்கழிக்க நேரவில்லை. நான்கு பேருக்கான சான்றையும் ஒரு மாலையில், கடை மேசையில் இருந்தபடியே எடுத்துவிட்டேன்.