ஜமைக்கா தேசியக் கலைக்கூடம்: முதலில் தலைப்புச் சீட்டைப் படியுங்கள்

1974இல் ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள டெவன் ஹவுஸ் மாளிகையில் ஆரம்பித்து, 1982இல் அந்நகரத் துறைமுகத்தை ஒட்டிய ராய் வெஸ்ட் கட்டடத்துக்கு இடம் மாறிய கலைக்கூடம் இது. கரீபிய ஓவியர்கள் முகங்களை வரைந்தே தங்கள் சமூகத்தோடு எப்படி வழக்காடினார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக ஒரு அரை நாள் ஒதுக்கலாம்.

உருவப்படத்தின் முன் நின்றதும் பக்கத்தில் இருக்கும் தலைப்புச் சீட்டைப் பாருங்கள். அதில் இருப்பது ஆளின் பெயரா, தொழிலா? பாதி சங்கதி அங்கேயே தெரிந்துவிடும். ஜமைக்க ஓவியர் பெலிசாரியோ 1837–38இல் வெளியிட்ட லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) வரிசையில் கறுப்பின மக்கள் பால்காரியாகவும், ஜான்கூனு என்ற முகமூடி ஆட்டத்தின் ஆட்டக்காரராகவும்தான் வருகிறார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் கிடையாது. அதே வரிசையில் 'ஆக்டர் பாய்' என்ற ஜான்கூனு வேடக்காரர் அணிந்திருப்பது வெள்ளைக்காரர் முகம் போன்ற வெள்ளை முகமூடி. அடிமை முறை முற்றாக ஒழிந்த 1838ஆம் ஆண்டை மனதில் வைத்துப் பார்த்தால் அந்த வேடத்தின் குத்தல் புரியும்.

ஜமைக்க ஓவியர் ஆல்பர்ட் ஹியூயின் 'மிஸ் மஹோகனி' (1960) இன்னும் சிக்கலானது. 1955இல் ஜமைக்காவில் நடந்த ஓர் அழகிப் போட்டி, நிறவாரியாகப் பெண்களை 10 வகையாகப் பிரித்தது. அதில் ஒரு வகைக்கும் இதே பெயர். தலைப்பு படத்திலுள்ள பெண்ணை ஒரு 'வகை' ஆக்கினாலும், தூரிகை தனி மனுஷியாகவே வைத்திருக்கிறது. தோலை அருகில் போய்ப் பாருங்கள். கருமையான தோலுக்குக் கறுப்பையும் வெள்ளையையும் கலந்து பூசினால் முகம் சாம்பல் பூத்துப்போகும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கரும்பழுப்போடு நீலமும் சிவப்பும் கலந்து நிழலைக் கட்டி, வெளிச்சம் படும் இடத்தில் வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் தொட்டு வைப்பார்கள்.

இன்னொரு ஜமைக்க ஓவியர் ஆஸ்மண்ட் வாட்சனுக்கு நேரம் கொடுங்கள். 'தி லாட் இஸ் மை ஷெப்பர்ட்' (கர்த்தர் என் மேய்ப்பர், 1969) காட்டுவது பைபிளும் கையுமாக ஒரு சந்தைக்காரி. தேவாலய வண்ணக் கண்ணாடி போலத் தடித்த கறுப்புக் கோடுகள். புனிதர்களுக்கென்று இருந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தலைப்பில் 'லார்ட்' (Lord) என்பதை 'லாட்' (Lawd) என்று ஜமைக்கப் பேச்சுப்படி எழுதியிருப்பதும் வேண்டுமென்றேதான்.

எண்ணெய் ஓவியத்தின் வார்னிஷ் விளக்கொளியில் பளபளத்துக் கண்ணை மறைத்தால், நேரே நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். பெரிய படங்களை முதலில் நாலைந்து அடி தள்ளி நின்றும் பிறகு கிட்டப் போயும் பார்ப்பது நல்லது.

நிரந்தரத் தொகுப்பில் இருக்கும் படமெல்லாம் எப்போதும் சுவரில் தொங்காது. கண்காட்சிக்காக இரவல் போகும், கிடங்கில் ஓய்வெடுக்கும். குறிப்பிட்ட ஒரு படத்துக்காகவே போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.