உலர்ந்த டைகர் நட்: பாலுக்கு உகந்தது, மாவாக வாங்கினால் கவனம் தேவை

டைகர் நட் என்ற பெயரில் உலர்த்தி விற்கப்படுவது கொட்டை அன்று; கோரை இனத்தைச் சேர்ந்த சைபெரஸ் எஸ்குலென்டஸ் என்னும் தாவரத்தின் வேரில் விளையும் சிறு கிழங்கு. ஆகவே பாதாமும் முந்திரியும் ஒவ்வாதவர்கள் இதை நாடுகிறார்கள். எனினும், கொட்டைகளைக் கையாளும் ஆலையிலேயே இதுவும் பொதியப்பட்டதா என்பதை உறையில் பார்த்துக்கொள்வது நல்லது.

தோலுடன் கிடைப்பது, தோல் நீக்கியது, மாவு ஆகிய மூன்றில் தோலுடன் உள்ளதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சுருக்கம் விழுந்த அந்தப் பழுப்பு மணிகளை உலர்ந்தபடியே கடித்தால் பல் வலிக்கும். ஓர் இரவு நீரில் ஊறினாலோ சுருக்கம் விரிந்து, கடிக்கும்போது நறுக்கென்று உடைந்து, இளந்தேங்காயை மென்றதுபோல் இனிய பால் வாயில் ஊறும். மென்று முடித்தபின் நாவில் சற்று நார் தங்கும். அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

இதன் உண்மையான பெருமை பாலில்தான் இருக்கிறது. ஸ்பெயினின் வலென்சியாப் பகுதியில் இக்கிழங்கிலிருந்து ஓர்ச்சாட்டா என்னும் குளிர்பானம் செய்கிறார்கள். வட நைஜீரியாவில் பேரீச்சை, இஞ்சி, கிராம்பு சேர்த்துக் குனுன் ஆயா என்று பருகுகிறார்கள். ஊறவைத்த 250 கிராம் கிழங்கை ஒரு லிட்டர் நீருடன் நன்கு அரைத்து, மெல்லிய துணியில் இறுகப் பிழிந்தால் தடித்த வெண்பால் கிடைக்கும். கிழங்கிலேயே இயற்கை இனிப்பு இருப்பதால், சுவைத்துப் பார்த்த பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். இதைக் கொதிக்க வைக்கக் கூடாது. மாவுச்சத்து மிகுந்திருப்பதால் சூடேறியதும் கூழாகிவிடும். விரைவில் புளித்துவிடும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். அடியில் மாவு படிவது இயல்பே. குலுக்கிப் பருகினால் போதும்.

தோல் நீக்கியது மெல்ல எளிது, ஆனால் மணம் சற்றுக் குறைவு.

மாவைப் பற்றி எனக்கு முழு நிறைவு இல்லை. கோதுமை மாவைப் பிணைக்கும் புரதமான குளூட்டன் இதில் இல்லாததால் அது தானாகப் பிணையாது. முட்டையோ வேறு மாவோ சேர்க்காமல் சுட்ட பிஸ்கட் கையிலேயே உதிர்ந்துவிடும். கொரகொரப்பைக் குறைக்க இருமுறை சலிப்பது அவசியம். இதன் கொழுப்பில் ஆலிவ் எண்ணெயைப் போலவே, எளிதில் கெடாத ஒலீயிக் என்னும் கொழுப்பு அமிலம் மிகுதி என்றாலும், அரைத்த மாவு திறந்து கிடந்தால் சிக்கு வாடை ஏறிவிடும். எனவே மாவைச் சிறு பொட்டலமாக வாங்கிக் காற்றுப் புகாமல் குளிரில் வைப்பதே முறை.