வீணையும் லேப்டாப் ஃபேனும்: நாலு வருஷ அனுபவம்

போன வாரம்தான் லேப்டாப் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. இரண்டு ஃபேனிலும் தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்ற 1,800 ரூபாய். அன்றைக்கே நண்பர் போனில் கேட்டார்: "அதே மாடல் விலை இறங்கியிருக்கு சார். ரெக்கார்டிங் வேலைக்கு வாங்கிடலாமா?" ஆறு கோர், 16 ஜிபி ராம் எல்லாம் அவரே பார்த்திருப்பார். கடையில் சொல்லாததை நான் சொல்கிறேன்.

உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். நாற்பது டிராக் ஓடும்போதும் திணறியதில்லை. ஆரம்பத்தில் பாட்டுக்கு நடுவே 'பட் பட்' என்று பொரிந்தது. பிராசசர் போதவில்லை என்று நினைத்து பஃபரை, அதாவது ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 128 சாம்பிளிலிருந்து 1024 வரை ஏற்றியும் நிற்கவில்லை. எந்த டிரைவர் தாமதம் பண்ணுகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோதுதான் வைஃபை டிரைவர் குறுக்கே வருவது தெரிந்தது. டிவைஸ் மேனேஜரில் வைஃபையை அணைத்தேன். பொரிவது அதோடு நின்றது. இன்றைக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் 128 தாங்குகிறது. அந்த பஃபரால் வரும் தாமதம் கணக்குப்படி 2.7 மில்லிசெகண்ட்தான். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிப்பவருக்கு அது உறுத்தாது.

என் கோபமெல்லாம் ஃபேன் மேல்தான். மகள் வீணை வாசிக்கிறாள். ஒரே மீட்டில் தந்தியை இழுத்து மூன்று நாலு ஸ்வரம் பேசவைப்பாள். கடைசி ஸ்வரத்துக்கு வரும்போது நாதம் நூலாக மெலிந்திருக்கும். வீணையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சரியாக அந்த இடத்தில் ஃபேன் 'உஸ்ஸ்' என்று வேகமெடுக்கும். ஒரே சீரான இரைச்சல் என்றால் மென்பொருளில் ஓரளவு பிரித்தெடுக்கலாம். ஏறி இறங்கும் இரைச்சலை எடுக்கப் போனால் கார்வையும், அதாவது நீண்டு ஒலிக்கும் அந்த நாதமும், சேர்ந்து போய்விடுகிறது. ஒரு மே மாத மதியம் பதினோரு நிமிஷத் தானம் (தாளமில்லாமல் லயத்தோடு ராகத்தை வாசிப்பது) ஒன்றை அப்படியே அழித்தேன். மறுபடி வாசித்தாள், நன்றாகவே வாசித்தாள். முதலில் வந்தது வரவில்லை. அந்த மதியத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

பவர் ஆப்ஷன்ஸில் பிராசசர் உச்சத்தை 99 சதவீதமாக வைத்தால் டர்போ, அதாவது பிராசசர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுவிடும். என் லேப்டாப்பில் சூடு இருபது டிகிரி குறைந்தது. ரெக்கார்ட் செய்ய அந்த வேகமே தாராளம். மிக்ஸ் பண்ணும்போது திரும்ப 100-க்கு ஏற்றிக்கொள்ளலாம். அப்படியும் கோடையில் ஃபேன் முழுக்க அடங்குவதில்லை. சர்வீஸுக்குப் பிறகும் அதே கதைதான், கொஞ்சம் தாமதமாக ஆரம்பிக்கிறது, அவ்வளவே.

கடைசியில் லேப்டாப்பையும், மைக்கை அதோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியையும் ஹாலுக்கு மாற்றிவிட்டு, மைக் கேபிளை மட்டும் கதவடி வழியாக உள் அறைக்குக் கொண்டுபோனேன். யூஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளுக்கு அந்தக் கவலை கிடையாது, பத்து மீட்டர் இழுத்தும் இரைச்சல் சேரவில்லை. கதவிடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தபின், ஸ்வரம் அடங்கி முடிந்த இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நண்பர் பாடுபவர். அவருக்கு இருப்பது ஒரே அறை. விலை பாதியானாலும் வாங்க வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் வைத்து ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யச் சொல்லியிருக்கிறேன்.