ரிவிட்டா, ஆர்கான் வெல்டிங்கா: பழைய அலுமினியப் படகுக்கு எது?

தூத்துக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் 12 அடி அலுமினியப் படகு ஒன்று கிடந்தது. கிலோ கணக்கில் விலை பேசி, லோடு ஆட்டோவில் ஏற்றி விஜயநாராயணம் பக்கம் கொண்டு வந்துவிட்டேன். குளத்து மீன் குத்தகைக்கு ஃபைபர் வள்ளம் கனம். இதை இரண்டு பேர் தூக்கிக் கரையேற்றலாம்.

முதல் வேலை, கசிவு பார்ப்பது. அடியில் நெருக்கமாகத் தாங்கு கொடுத்து, உள்ளே நான்கு விரல் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். நிறைய ஊற்றினால் பாரத்திலேயே தகடு வளைந்துவிடும். கசிந்ததெல்லாம் ரிவிட் (தகடுகளை இணைக்கும் தட்டாணி) வரிசையில். அந்த இடங்களை மார்க்கர் பேனாவால் குறியுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கரி ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும்.

மேலே எபாக்சி பூசி ஃபைபர் பாய் ஒட்டுவது மலிவுதான். ஆனால் நம் வெயிலில் அலுமினியம் விரிந்து சுருங்கும்போது ஒட்டு விலகி, இடையில் தண்ணீர் தங்கிவிடும். அந்த யோசனையை அதோடு விட்டேன்.

ஆர்கான் வெல்டிங் பார்க்கச் சுத்தமாக இருக்கும். இங்கே பட்டறைகளில் எவர்சில்வர் ஒட்டுகிற மெஷின்கள் பெரும்பாலும் டிசி (நேர் மின்சாரம்). அலுமினியத்துக்கு ஏசி (மாறு மின்சாரம்) வேண்டும், அதுதான் மேல்தோலை உடைத்துக் கொடுக்கும். காரணம், மேலே படிந்திருக்கும் ஆக்சைடு தோல் 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும், அடியிலுள்ள உலோகமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது, திடீரென்று ஓட்டை விழுந்துவிடும். சூடு பட்ட தகடு இளகி, பற்றுக்கு (வெல்டிங் வைத்த இடத்துக்கு)ப் பக்கத்திலேயே பிறகு விரிசல் விடலாம். பக்கத்து ரிவிட்டுகளும் தளரும். பெட்ரோல் கேனையும் இருக்கைக்கு அடியிலுள்ள ஃபோமையும் அப்புறப்படுத்தாமல் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். அந்த ஃபோம் எரிந்தால் வருவது விஷப் புகை.

நான் ரிவிட் பக்கம். தளர்ந்ததை உள்ளே ஒருவர் இரும்புக் கட்டி வைத்து அணைத்துப் பிடிக்க, வெளியே ஒருவர் சுத்தியலால் தட்டினால் பாதி இடங்களில் கசிவு நின்றுவிடுகிறது. மீதியில் பழைய தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டு, அலுமினிய ரிவிட்டில் மெரைன் சீலன்ட் தடவி அடித்தோம். செம்பு, இரும்பு ரிவிட் கூடவே கூடாது. இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். புளிக்காடி வாசம் வருகிற சிலிக்கானும் வேண்டாம், அதுவும் அரிக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது இதுதான்: ஐப்பசியில் குளம் பெருகி, வலை போடுகிற நேரத்தில் ஒரு ரிவிட் கசிந்தால் என்ன செய்வேன்? கரையேற்றி, புளியமரத்தடியில் கவிழ்த்து, அரை மணி நேரத்தில் தட்டிவிடுவேன். அலுமினியச் சட்டிக்குக் கைப்பிடி அடிக்கிற பாத்திரக்காரருக்கும் இந்த வேலை கைவரும். பற்றில் விரிசல் விட்டால்? வண்டி பிடிக்க வேண்டும், சரியான மெஷின் உள்ள ஆளைத் தேட வேண்டும், முறைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மீனை அடுத்தவர் பிடித்துவிடுவார்.

அதற்காக வெல்டிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அணியத்தில் (படகின் முன்பகுதியில்) ஒரு விரல் நீளக் கிழிசல் இருந்தது. அதை ரிவிட்டால் மூட முடியாது, தூத்துக்குடிக்குப் போய் ஆர்கான்தான் வைத்தேன். இதுவரை நிற்கிறது, ஆனால் இரண்டு பருவம்தான் ஆகியிருக்கிறது.

பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அடிப்பூச்சில் குரோமேட்டோ ஈயமோ மாதிரி விஷம் இருக்கலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்து, நல்ல மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். இரும்பில் தேய்த்த கம்பி பிரஷ்ஷை இதில் போடவே கூடாது, துகள் பதிந்து அந்த இடம் அரிக்கும். செம்பு கலந்த அடிப்பெயின்ட்டும் அப்படித்தான். எடுத்த ஃபோமுக்குப் பதில் புதிதாகப் போட்டுவிடுங்கள். அது இல்லாத படகில் தண்ணீர் ஏறினால் கல்லாட்டம் மூழ்கும்.

இதெல்லாம் குளத்து நல்ல தண்ணீருக்கு. உவரிக் கடலில் இறக்குவதானால் உப்பு கணக்கை மாற்றிவிடும். அங்கே நான் ஓட்டியதில்லை. எனக்கு மச்சான் முறை ஒருவர் ஃபைபரைத்தான் வாங்கச் சொல்கிறார்.